கடலின் நிறமும் சேர் சி. வி. இராமனும்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியன் என்ற முறையில் யான் புலவரொருவரின் வரலாற்றையே எழுதுவேனென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யானோ பௌதிகவியல் அறிஞரொருவரைத் தேர்ந்துகொண்டேன். அதற்குக் காரணமானவன் ஒரு மாணவன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் முல்லைத்தீவுக் கரையோரத்துப் பாடசாலையொன்றிற் கற்பித்து வந்தேன். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத வகுப்பொன்றை ஒரு பாடவேளைக்குப் பார்த்துக்கொள்ளுமாறு என்னை அனுப்பினர். நீரில் தாழ்த்திய கோல் முறிந்தாற்போலத் தோன்றுவதேன் என்பது அன்றைய பாடம். பாடநூலை வாசித்துக் காட்டிவிட்டு, கடலின் நிறத்தைப் பற்றியும் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னேன். வானத்தின் நீலம் நீர்ப்பரப்பிற் பட்டுத் தெறித்து நம் கண்ணை அடைவதாலேயே கடல் நீலமாகத் தெரிகின்றது என்றேன். என் ஆசிரியர் எனக்குக் கற்பித்ததும் அதுவே. கடைசி வாங்கிலிருந்து மாணவனொருவன் எழுந்தான். தந்தையாரோடு வள்ளத்தில் ஆழ்கடல் சென்று பழகியவன். வள்ளத்தின் ஓரத்திற் குனிந்து, தலையாலும் உடலாலும் வானத்தை மறைத்துக்கொண்டு நேர் கீழே பார்த்தாலும் நீர் நீலமாகவே இருக்கின்றதே, அஃது எவ்வாறு என வினவினான். மணி அடித்தது. அன்று அந்த மணி எனக்குச் செய்த உதவி பெரிது.

விடையைத் தேடிக் கண்டுகொள்ள எனக்குச் சில மாதங்கள் சென்றன. அதற்குள் அவன் படிப்பை விட்டுக் கடற்றொழிலுக்குப் போய்விட்டான். அவன் கேட்ட அதே வினாவை 1921ஆம் ஆண்டிற் கப்பலின் மேற்றளத்தில் நின்று தமிழர் ஒருவர் எழுப்பினார் என்பதையும், அவ்வினாவே ஆசியாக் கண்டத்தின் முதல் விஞ்ஞான நோபெல் பரிசுக்கு வழியாயிற்று என்பதையும் அவனிடம் சொல்ல இயலாமற் போயிற்று. இக்கட்டுரை அந்தக் கடனுக்காக எழுதப்படுவது.

சந்திரசேகர வேங்கட இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலிற் பிறந்தார். தாயார் பார்வதி அம்மாள். தந்தையார் சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். வீணையிலும் வயலினிலும் நாட்டமுடையவர். மகனுக்கு நான்கு வயதாகுமுன்னரே குடும்பம் விசாகப்பட்டினத்துக்குப் பெயர்ந்தது. ஆகவே இராமன் வளர்ந்தது கடற்கரை நகரமொன்றில். பதினோராவது வயதில் மெற்றிக்குலேசன் தேறி, பின்னர்ச் சென்னைப் பிரெசிடென்சிக் கல்லூரியிற் சேர்ந்து, 1904இல் பி.ஏ. பரீட்சையில் முதலிடமும் பௌதிகத்தில் தங்கப் பதக்கமும் பெற்றார். மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்லுமாறு பேராசிரியர்கள் கூறினர். அவருடைய மெலிந்த உடலைச் சோதித்த அரசாங்க வைத்தியர், அந்நாட்டுக் குளிரை இவ்வுடல் தாங்காது எனத் தடுத்துவிட்டார். எம்.ஏ. வகுப்புக்கும் அவர் சென்னையிலேயே இருந்தார்.

அக்காலத்தில் அவருக்கு நேர்ந்த ஒன்று நம் பொருளுக்கு மிக நெருங்கியது. அரியமொன்றின் கோணத்தை அளக்கும் சாதாரண மாணவப் பரிசோதனையை அவர் செய்துகொண்டிருந்தார். அரியத்தின் முகத்தில் ஒளி மிகச் சாய்வாகப் பட்டுத் தெறித்தபோது, தெறித்த ஒளியின் ஓரத்தில் இருளும் ஒளியுமாகச் சில பட்டிகள் தோன்றின. அவை இருபுறமும் ஒத்திராமை அவர் கண்ணை உறுத்திற்று. எத்தனையோ மாணாக்கர் பரிசோதனைக் குறிப்பேட்டில் எழுதாமல் விட்டிருக்கக்கூடிய செய்தி அது. அவர் அதனை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1906 நவம்பரில் இலண்டனிலிருந்து வெளிவந்த பிலோசோபிக்கல் மகசின் என்னும் ஏட்டிற் பதிப்பிக்கப்பட்டது. அம்மாதத்திற்றான் அவருக்குப் பதினெட்டு வயது நிரம்பியது.

இனி, வரலாற்றைச் சற்றே நிறுத்தி, எல்லையில் ஒளி என்ன செய்கின்றது என்பதை நோக்குவோம். ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்தை அடையும் ஒளி எல்லையில் இரு கூறாகின்றது. ஒரு கூறு தெறித்து வந்த ஊடகத்துக்கே மீளும். மற்றது உட்புகுந்து திசை மாறும். வளியிற் செல்லும் வேகத்தில் ஏறத்தாழ முக்காற் பங்கே நீரில் ஒளிக்கு உண்டு. வேகம் மாறுவதாலேயே திசை மாறுகின்றது. இதனையே முறிவு என்கின்றோம். குளத்தில் மீனைக் குத்துவோன் மீன் தெரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே குறிவைப்பது, முறிவு விதியைக் கல்லாமலே அறிந்த அறிவு. எவ்வளவு தெறிக்கும், எவ்வளவு உட்புகும் என்பது சாய்வைப் பொறுத்தது. இரணைமடுக் குளத்து அணைக்கட்டில் நின்று காலடி நீரைக் குனிந்து நோக்கினால், நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்களவே தெறிப்பதால், தெளிந்த நீரில் அடிக்கல்லும் தெரியும். கண்ணை நிமிர்த்தி அக்கரைப் பக்கம் செலுத்தினாலோ, தெறிப்பு மிகுந்து குளம் முழுவதும் வானமாகிவிடும்.

தெறித்த ஒளிக்கு வேறொரு குணமும் உண்டு. ஒளியலை தான் செல்லும் திசைக்குக் குறுக்காக எப்பக்கமும் அதிரவல்லது. நீரிலோ கண்ணாடியிலோ ஒரு குறித்த சாய்விற் பட்டுத் தெறித்தால், அப்பரப்புக்குச் சமாந்தரமாக மட்டுமே அதிரும் ஒளியாக அது மீளும். இதுவே முனைவாக்கம். பிரான்சிய அறிஞர் மாலுஸ் என்பார், பாரிசில் லக்சம்பேர்க் மாளிகைச் சாளரங்களிற் பட்டுத் தெறித்த மாலை வெயிலைக் கல்சைற்றுப் பளிங்கினூடாக நோக்கியபோது 1808இல் இதனைக் கண்டார். அது முழுமையாக நிகழும் சாய்வை ஊடகத்தின் முறிவுச் சுட்டியிலிருந்து கணிக்கும் விதியை 1815இல் ஸ்கொத்லாந்து அறிஞர் புரூஸ்டர் வகுத்தார். நீருக்கு அச்சாய்வு செவ்வனிலிருந்து 53 பாகை. இவ்வெண்ணை வாசகர் நினைவில் வைத்திருத்தல் நன்று.

1907இல் இந்திய நிதித்துறைப் பரீட்சையில் முதலாவதாகத் தேறிய இராமன், அவ்வாண்டே உலோகசுந்தரி அம்மையாரை மணந்து, உதவிக் கணக்காளர் நாயகமாகக் கல்கத்தா சென்றார். பத்தொன்பது வயது நிரம்பாத இளைஞருக்கு அஃது உயர்ந்த பதவி. ஆய்வு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அலுவலகத்துக்கு டிராம் வண்டியிற் செல்கையில், பௌபசார் வீதி 210ஆம் இலக்கக் கட்டடத்தில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் பெயர்ப்பலகையை அவர் கண்டார். மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய சங்கம் அது. கருவிகள் இருந்தன, அவற்றைக் கையாள்வார் அரியராயிருந்தனர். கதவைத் திறந்துவிட்ட ஆசுதோஷ் தே என்பவரே பின்னர் இராமனின் நெடுநாள் உதவியாளரானார். காலையில் அலுவலகம் செல்லுமுன்னரும் மாலையில் மீண்ட பின்னரும் அங்கே ஆய்வு நடந்தது. இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றம் பெற்றபோதும் அவர் அதனைக் கைவிடவில்லை. 1917இல், ஆசுதோஷ் முகர்ஜியின் முயற்சியாற் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற் பௌதிகப் பேராசிரியர் பதவி கிடைத்தபோது, ஊதியம் குறையுமென்று அறிந்தே அரசாங்க உத்தியோகத்தைத் துறந்தார். வயலினையும் வீணையையும் அவர் இக்காலத்தில் ஆராய்ந்தார். மிருதங்கத்தின் தோல் மட்டும் பிற மேளங்களைப் போலன்றி இசைவான சுரங்களைத் தருவதேன் என்பதற்கு அவர் கண்ட விளக்கம் தனிக் கட்டுரைக்குரியது.

1921இல் ஒக்ஸ்போர்டிற் கூடிய பிரித்தானியப் பேரரசுப் பல்கலைக்கழகங்களின் மகாநாட்டுக்கு அவர் பிரதிநிதியாகச் சென்றார். அவருடைய முதற் கடற்பயணங்களுள் நீண்டது அது. மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைப் பற்றிக்கொண்டது. அக்காலத்தில் ஒளியியலில் எவரும் மறுத்துரைக்கத் துணியாத பெயர் றேலிப் பிரபு என்பது. வானம் ஏன் நீலம் என்பதை விளக்கியவர் அவரே. காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்கின்றன. அலைநீளம் குறைந்த நீலம் சிவப்பிலும் பன்மடங்கு மிகுதியாகச் சிதறுகின்றது என்றார். கடலின் நீலத்தையோ அவர் வானத்தின் தெறிப்பென்று கருதினார். 1919இல் அவர் காலமானார். முல்லைத்தீவு வகுப்பறையில் யான் சொன்னது அவருடைய கருத்தே என்பது எனக்குச் சிறிது ஆறுதல்.

நர்க்குண்டா என்னும் கப்பலில் தாய்நாடு மீளுகையில் இராமன் அதனைச் சோதித்தார். அவர் கையிலிருந்தது நிக்கோல் அரியம். சட்டைப்பையில் அடங்கும் சிறு கருவி. 1828இல் வில்லியம் நிக்கோல் அமைத்தது. கல்சைற்றுப் பளிங்கைச் சாய்வாக வெட்டி, கனடாப் பல்சம் என்னும் பிசினால் மீண்டும் ஒட்டியிருப்பர். பளிங்கினுட் புகும் ஒளி இரு கதிராகப் பிரியும். ஒரு கதிர் பிசினின் எல்லையில் முழுவுட்டெறிப்படைந்து பக்கத்தே ஒதுங்கும். மற்றது ஊடுருவிச் செல்லும். எனவே ஒரு தளத்தில் அதிரும் ஒளியையே அக்கருவி வெளிவிடும். கடற்பரப்பை 53 பாகையளவிற் சாய்வாக நோக்கி, நிக்கோலை உரிய பக்கத்துக்குத் திருப்பினால், நீரின் மேல் தெறித்த வானொளி முழுவதும் தடைப்பட்டுவிடும். நீருக்குள்ளிருந்து முறிந்து மேலெழும் ஒளி மட்டும் கண்ணுக்கு வரும். ஓர் எல்லையின் தெறிப்பை மற்றோர் எல்லையின் தெறிப்பால் நீக்குதல் முள்ளை முள்ளால் எடுத்தல் போல்வதாம்.

றேலி கூறியது உண்மையாயின், அப்போது கடல் நிறமிழந்து போயிருக்க வேண்டும். நிகழ்ந்ததோ மறுதலை. மேற்பரப்பின் வெண்மினுக்கம் அகன்றதும் நீலம் முன்னிலும் செறிந்து தோன்றிற்று. வானத்தின் தெறிப்பு கடலின் நிறத்தைத் தருவதற்கு மாறாக அதனை மங்கச் செய்திருந்தது! நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று இராமன் முடிவு செய்தார். கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும், 1921 செப்ரெம்பர் 26ஆம் நாளிட்டு நேச்சர் ஏட்டுக்குக் கடிதம் போயிற்று. நீர் சிவப்பொளியைத் தானே உறிஞ்சிக்கொள்ளுதலும் இந்நீலத்துக்குப் பெருங்காரணம் என்பது இன்று தெளிவு. உறிஞ்சலும் சிதறலும் கூடிய நிறம் அது. எவ்வாறாயினும் நீருக்கு உரியது. சேறு மிகுந்த களப்பு நீர் எத்துணை நீல வானத்தின் கீழும் நீலமாகாதிருப்பதை நந்திக்கடலோரத்தில் நிற்பவர் எவரும் காண்பர்.

இன்று கடைகளில் விற்கும் முனைவாக்கக் கறுப்புக்கண்ணாடி நிக்கோலின் வேலையை ஓரளவு செய்யும். அத்தகைய ஒன்றை வாங்கிக்கொண்டு யானும் அக்கடற்கரைக்குச் சென்றேன். கண்ணாடியைக் கண்முன் பிடித்து மெல்லத் திருப்ப, மினுக்கம் ஒரு நிலையில் அணைந்து, மறுநிலையில் மீண்டும் வந்தது. அணைந்த நிலையில், கரையருகே மணலின் சாயலோடு பச்சையும் அப்பால் நீலமும் தெரிந்தன. வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தனர். அவர்களுள் அம்மாணவன் இல்லை.

கல்கத்தா மீண்ட இராமன், திரவங்களிலும் பளிங்குகளிலும் ஒளி சிதறுவதைத் தம் மாணாக்கருடன் ஏழாண்டுகள் ஆராய்ந்தார். 1923இல் கே. ஆர். இராமநாதன் தூய நீரிலும் மங்கலான வேறு நிற ஒளி கலந்திருப்பதைக் கண்டார். 1928 சனவரி தொடக்கம் கே. எஸ். கிருஷ்ணன் ஆய்வில் முனைந்தார். சூரியவொளியைப் பெரிய வில்லையாற் குவித்து, ஊதா நிறத்தை மட்டும் வடித்துத் திரவத்துட் செலுத்தினர். சிதறிய ஒளியில் உள்ளே விடாத நிறமும் இருந்தது. பெப்ரவரி 28ஆம் நாள் நிறமாலைகாட்டியில் அது தனிக்கோடாகப் பிரிந்து தெரிந்தது. மூலக்கூறு ஒளியிலிருந்து சிறிது சக்தியைப் பெற்றோ கொடுத்தோ அதன் அலைநீளத்தை மாற்றுகின்றது. அம்மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். இதுவே இராமன் விளைவு. அவ்வேளையிலேயே மொஸ்கோவில் லண்ட்ஸ்பேர்க், மண்டல்ஸ்டாம் என்னும் இருவரும் பளிங்குகளில் இதனைக் கண்டிருந்தனர். 1929இல் சேர் பட்டமும் 1930இல் நோபெல் பரிசும் இராமனுக்குக் கிடைத்தன. பரிசு அறிவிக்கப்படுமுன்னரே கப்பலில் இடம் பதிவு செய்துகொண்டார் என்பர். அவரை அறிந்தோர் அதனை நம்பத் தயங்கார். நேச்சரில் வந்த முதற் கடிதத்திற் கிருஷ்ணனின் பெயரும் உண்டு. பரிசு இராமனுக்கு மட்டுமே உரியதாயிற்று. பிற்காலத்திற் புதுடில்லித் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதற் பணிப்பாளராய் விளங்கிய கிருஷ்ணனின் வரலாற்றையும் நம் மாணாக்கர் கற்க வேண்டும்.

இருநூறு ரூபாக் கருவியால் நோபெல் பரிசு பெற்றார் என்னும் கதை மேடைகளிற் பெரிதும் சொல்லப்படுகின்றது. ஊக்கமளிக்கவே சொல்லுகின்றனர். ஆயினும் ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் அக்கதையைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு உறுத்துகின்றது. ஏழங்குலத் தொலைநோக்கி வில்லை, பன்முறை தூய்மையாக்கிய ஏறத்தாழ அறுபது திரவங்கள், அரை நூற்றாண்டுப் பழைமையுடைய சங்கமும் அதன் நூலகமும், ஊதியத்தைக் கருதாது உழைத்த இளைஞர் குழு என்பனவெல்லாம் அந்த இருநூறு ரூபாவில் அடங்கா. 2009க்குப் பின்னர் வெறும் சுவர்களுக்கிடையே மீளத் தொடங்கிய வன்னிப் பாடசாலைகள் பல. வினா கேட்கும் அறிவு அங்கும் குறைந்திருக்கவில்லை. இராமனின் சட்டைப்பையில் நிக்கோல் இருந்தது. எம் மாணவன் அரியத்தைப் பாடநூற் படத்திற்றான் கண்டிருந்தான். பழைய மாணவர் சங்கத்தார் இதனைக் கருத்திற் கொள்வாராக.

1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்தின் முதல் இந்தியப் பணிப்பாளராக இராமன் பொறுப்பேற்றார். அங்குள்ள வாழ்வு அமைதியாய் இருக்கவில்லை. பிறர் கருத்துக்கு இணங்கிப் போகும் இயல்பு அவரிடம் இல்லை. 1937இல் பணிப்பாளர் பதவியை விட்டுப் பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார். அவரைப் போற்றுவோர் மறைக்க விரும்பும் செய்தியொன்றும் உண்டு. 1933இல் பம்பாயிற் பட்டம் பெற்ற கமலா பகவத் என்னும் பெண் ஆய்வு மாணவியாகச் சேர விண்ணப்பித்தபோது, பெண் என்ற காரணத்தால் இராமன் மறுத்தார். அவர் விடாது நின்று வாதாடவே, ஓராண்டுக்குப் பரீட்சார்த்தமாக என நிபந்தனை விதித்துச் சேர்த்தார். கமலா பின்னர்க் கேம்பிரிட்சிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவருக்குப் பின் அங்கே பெண்களுக்கு இடமுண்டாயிற்று. 1940இல் அன்னா மாணி இராமனின் ஆய்வுகூடத்திலேயே வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராயத் தொடங்கினார். ஒளியின் சிறுகோட்டையும் தவறவிடாத கண், எதிரே நின்ற மாணவியின் தகுதியைக் காணத் தவறியதை என்னென்பது!

1948இல் ஓய்வுபெற்ற பின் தாமே அமைத்த ஆய்வு நிலையத்தில் அவர் ஈடுபட்டவை குழந்தைகளும் கையில் எடுத்துப் பார்க்கும் பொருள்கள். சிப்பியின் உட்புறத்து வானவில் நிறம் சாயமன்று. கண்ணுக்குத் தோன்றாத மெல்லிய சுண்ணத் தகடுகள் அடுக்கடுக்காய் அமைந்து, ஒவ்வோர் எல்லையிலும் சிறிது ஒளி தெறிக்க, அத்தெறிப்புகள் ஒன்றோடொன்று கூடியும் அழிந்தும் அந்நிறங்களைத் தருகின்றன. சிப்பிகளை 1930களிலேயே ஆராய்ந்தவர், 1954இல் கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து முத்தின் அமைப்பை ஆராய்ந்தார். மன்னார்க் கடலில் முத்துக்குளித்த முன்னோரின் வழிவந்தோர்க்கு அஃது அந்நியப் பொருளன்று. நம் வயல்வெளிகளின் மின்கம்பிகளில் அமர்ந்திருக்கும் பனங்காடையின் நீலச் சிறகை அவர் 1934இலேயே ஆராய்ந்து, அந்நீலம் சாயத்தாலன்றி இறகின் நுண்ணமைப்பால் வருவதெனக் காட்டியிருந்தார். 1959இற் பஞ்சரத்தினத்தோடு கானல்நீரைப் பற்றி எழுதினார். பரந்தனிலிருந்து ஆனையிறவு நோக்கிச் செல்லும் தார்ச்சாலையில் நண்பகலில் நீர் தேங்கியதாய்த் தோன்றுமே, பழந்தமிழர் பேய்த்தேர் என்றனரே, அதுவே அப்பொருள். ஆங்கே நீருமில்லை, கூரிய எல்லையுமில்லை. நிலத்தை ஒட்டிய சூடான காற்று மேலுள்ளதிலும் அடர்த்தி குறைந்திருக்க, ஒளி சிறிது சிறிதாய் வளைந்து மேலெழுகின்றது. எல்லையே இல்லாதவிடத்துத் தெறிப்புப் போன்ற ஒன்று எவ்வாறு நிகழ்கின்றது என்பதை ஒளியலைகளின் வழி நின்று விளக்க அவர்கள் முயன்றனர். அப்போது இராமனுக்கு எழுபது வயது கடந்திருந்தது.

1954இல் பாரத இரத்தினமும் 1957இல் லெனின் சமாதானப் பரிசும் அவருக்கு வழங்கப்பட்டன. 1970 நவம்பர் 21ஆம் நாள், எண்பத்திரண்டாம் அகவையில், பெங்களூரில் அவர் காலமானார். உடல் அவ்வாய்வு நிலையத்துத் தோட்டத்திலேயே எரியூட்டப்பெற்றது. அவர் வாழ்நாள் முழுவதும் தேடிச் சேர்த்த பளிங்குகளும் மணிகளும் வண்ணத்துப்பூச்சிகளும் சிப்பிகளும் அந்நிலையத்தின் காட்சியறையில் வைக்கப்பட்டுள்ளன.